மேல்வீட்டு ஈரத்துணியும் கீழ்வீட்டு வடாமும்: துணி உலர்த்தும் சச்சரவைத் தீர்த்துக்கொள்வது எப்படி?

சென்னையில் பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் சில ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்தேன். தண்ணீர் லாரி, வண்டி நிறுத்தும் இடம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக என் வீட்டுக் கதவைத் தட்டிய புகார், துணி காயப்போடுவதைப் பற்றியதாகவே இருந்தது. மேல்வீட்டுப் புடவையிலிருந்து சொட்டிய நீர் கீழ்வீட்டு வடாமை நனைத்துவிட்டது, முதல் நாள் இரவே கொடியில் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள், மாடிப்படிக்கு எதிரிலேயே உள்ளாடைகளைத் தொங்கவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு புகாரும் கேட்பதற்குச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வீட்டாரும் அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்புச் செலவைப் பற்றி வாக்கெடுப்பு நடக்கும்போதுகூட, நனைந்த வடாமை மனத்தில் வைத்துக்கொண்டு எதிரெதிராகக் கை தூக்குவார்கள். அப்படி ஒரு சச்சரவில் இருப்பவர்களுக்கும், இரண்டு வீட்டாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சங்கப் பொறுப்பாளர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில், தமிழ்நாட்டு நகரக் குடியிருப்புகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

புகாரை முதலில் பிரித்துப் பாருங்கள்

துணியைப் பற்றிய புகார் என்று ஒரே பெயரில் வந்தாலும், அதற்குள் நீர், இடம், பார்வை, உரிமை என்ற நான்கில் ஏதாவது ஒன்றுதான் உண்மையான காரணமாக இருக்கும். நீரைப் பற்றிய குறைக்கு இடத்தை மாற்றிக் கொடுத்தால் தீராது. பார்வையைப் பற்றிய குறைக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தாலும் தீராது. எங்கள் குடியிருப்பில் ஒருவர், எதிர் பால்கனியில் துணி தொங்குவதே அசிங்கமாக இருக்கிறது என்று மூன்று மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். நேரில் போய் நின்று பார்த்தபோது, அங்கே தொங்கிய இரட்டைக் கட்டில் விரிப்பு அவர் வீட்டுச் சமையலறைக்கு வரும் ஒரே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. விரிப்பை மட்டும் மொட்டை மாடிக்கு மாற்றியதும், மற்ற துணிகள் அதே இடத்தில் தொங்கியும் அசிங்கம் என்ற பேச்சு மறுபடி எழவில்லை.

ஆகவே புகார் சொல்வதற்கு முன் ஒரு வாரத்துக்கு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகக் குறித்து வையுங்கள். நீரைப் பற்றிய புகாராக இருந்தால், அது துணி நீர்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏ.சி. குழாயிலிருந்து வரும் நீர் ஒரே புள்ளியில், இரவிலும் கூட, தெளிவாகச் சொட்டிக்கொண்டிருக்கும். பூந்தொட்டியிலிருந்து வழியும் நீர் சுவரில் மண் நிறத்தில் தடம் விடும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டார் ஓடும் நேரத்தோடு அது ஒத்துப்போகும். துணியிலிருந்து வரும் நீரோ துவைத்த வேளையில் மட்டும் வரும், சற்று நேரத்தில் நின்றுவிடும், சில வேளைகளில் சோப்பு வாடை அடிக்கும். ஏ.சி. நீருக்காகத் துணிக்காரரோடு சண்டை போட்டவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததில்லை; பேச்சுவார்த்தையைத்தான் நிறுத்திக்கொள்வார்கள்.

சொட்டுகிற அந்த ஒரு மணி நேரம்

கையால் பிழிந்த துணி கொடியில் போட்ட முதல் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் பெரும்பாலும் சொட்டும். அதற்குப் பிறகு அதிலிருக்கும் ஈரம் காற்றோடு போகுமே தவிரக் கீழே விழாது. இதைப் புரிந்துகொண்டால், மேல்வீட்டார் கீழ்வீட்டார் சண்டையில் பாதிக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது என்பது விளங்கும். துணியை அந்த ஒரு மணி நேரம் எங்கே வைப்பது என்பதற்கு வழி கண்டுவிட்டால், மிச்ச நேரம் அது பால்கனியில் தொங்குவதைப் பற்றிக் கீழ்வீட்டாருக்குச் சொல்வதற்கு அதிகமாக ஒன்றும் இருக்காது.

எளிய வழி, கடைசியாக அலசிய துணியைக் குளியலறையிலேயே வடியவிடுவதுதான். குளியலறையின் இரண்டு சுவர்களுக்கு இடையில் ஒரு ஸ்டீல் குழாயைப் பொருத்திவிட்டால், துணிகளைப் பிழிந்து அதில் வரிசையாகப் போட்டுவிட்டுச் சமையலை முடித்து வந்து, சொட்டு நின்ற பிறகு பால்கனிக்கு எடுத்துப் போகலாம். குழாய் பொருத்த முடியாத வாடகை வீட்டில், ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையை ஒரு முக்காலியின் மேல் வைத்து அதில் துணியைப் போட்டாலும் கணிசமான நீர் வடிந்துவிடும். வாஷிங் மெஷின் இருப்பவர்கள் போர்வை, ஜீன்ஸ், தேங்காய்ப்பூத் துண்டு போன்ற கனத்த துணிகளை மட்டும் பிரித்து, பிழியும் சுற்றை இன்னொரு முறை ஓடவிட வேண்டும். அதற்கு ஆகும் சில நிமிட மின்சாரச் செலவு, கீழ்வீட்டாரோடு ஏற்படும் மனக்கசப்பை விட மிகவும் மலிவானது.

புடவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு கெஜப் புடவையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். அதை இரண்டாக மடித்துப் பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து வெளிப்பக்கமாக நீளவாக்கில் தொங்கவிட்டால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் கீழே இறங்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே உள்ள உயரமே சாதாரணமாகப் பத்தடி, அதாவது மூன்று மீட்டர்தான் என்பதால், புடவையின் முந்தானை கீழ்வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்து ஆடும். தொங்கவிட்டவருக்கு மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. கீழ்வீட்டாருக்கோ நாள் முழுவதும் ஜன்னலில் வேறொருவர் வீட்டுப் புடவை தெரியும். நான்காக மடித்துப் பால்கனிக்கு உள்ளே கட்டிய கொடியில் போட்டால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான கயிறே போதும். பாதி காய்ந்ததும் மடிப்பை மாற்றிப் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். எட்டு முழ வேட்டிக்கும் இதே கணக்குத்தான்.

புதிய துணியின் சாயம் இன்னொரு தொல்லை. சுங்குடிப் புடவை, அடர்சிவப்புப் பாவாடை, கருநீல ஜீன்ஸ் ஆகியவை முதல் நான்கைந்து சலவைகளில் சாயம் விடக்கூடும். கீழ்வீட்டாரின் வெள்ளை வேட்டியின் மேல் அந்த நீர் ஒரு சொட்டு விழுந்தாலும், அந்த வேட்டி பழையபடி ஆகாது. இத்தகைய துணிகளை முதல் சில முறை மொட்டை மாடியிலோ குளியலறையிலோ மட்டுமே உலர்த்துவது என்று வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மீறிக் கறை பட்டுவிட்டால், துணியின் விலையைக் கொடுக்க முன்வருவதுதான் முறை. "துவைத்தால் போய்விடும்" என்று சொல்வது, கறையை விட அதிகமாக உறுத்தும்.

கீழ்வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில் வடாமும் வற்றலும் உலர்த்துகிறவர்கள், எந்த இரண்டு மூன்று நாள்களில் உலர்த்தப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே மேல்வீட்டில் சொல்லிவிட வேண்டும். மேல்வீட்டார் குனிந்து பார்த்து, கீழே என்ன காய்கிறது என்று தெரிந்துகொள்வார்கள் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

முதல் பேச்சு யாருக்கும் யாருக்கும் இடையே?

நீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறிப் போகாதீர்கள். அந்த வேளையில் உங்கள் குரலில் இருக்கும் சூடுதான் அவர்கள் காதில் விழும். சொல்லும் செய்தி விழாது. அன்று மாலையோ மறுநாளோ, வேலை ஓய்ந்த நேரத்தில், ஒருவர் மட்டும் போய்ப் பேசுவது நல்லது. காவலாளி மூலமாகவோ குழந்தைகள் மூலமாகவோ சொல்லியனுப்பினால், அது புகாராக இல்லாமல் கட்டளையாகப் போய்ச் சேரும். வாட்ஸ்ஆப் குழுவில் பிறர் வீட்டுத் துணியின் படத்தைப் போடுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் நான் தீர்க்க முடியாமல் விட்ட ஒரே துணிச் சண்டை, அப்படி ஒரு படத்தில் தொடங்கியதுதான்.

பேச்சில் நேரமும் இடமும் இருக்கட்டும். கேட்பது ஒன்றாக இருக்கட்டும். உங்கள் தரப்பிலிருந்து விட்டுக்கொடுப்பதும் ஒன்று இருக்கட்டும். "அக்கா, நேற்றும் இன்றும் காலை ஒன்பது மணிக்கு உங்கள் பால்கனித் துணியிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னலுக்குள் தண்ணீர் விழுந்தது. குளியலறையில் கொஞ்ச நேரம் வடியவிட்டுப் பிறகு காயப்போட முடியுமா? போர்வை மாதிரிப் பெரிய துணி இருக்கிற நாளில் ஒரு குரல் கொடுங்கள், நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்" என்று சொன்னால், கேட்பவருக்கு மறுப்பதற்கு அதிகம் இடமிருக்காது. "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்கினால், எப்போதெல்லாம் அப்படி இல்லை என்பதை நிரூபிப்பதிலேயே அவருடைய பதில் முழுவதும் போய்விடும்.

புகாரைக் கேட்பவராக நீங்கள் இருந்தால், உடனே மறுக்காமல் அவர்களோடு கீழே இறங்கிப் போய் ஒருமுறை பாருங்கள். தன் பால்கனியைக் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ஒருவர், எந்த விவாதமும் இல்லாமல் அன்றே கொடியை உள்பக்கம் மாற்றிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பல வீடுகளில் துணியைத் துவைத்துக் காயப்போடுகிறவர் அந்த வீட்டுக்காரர் அல்லர். வீட்டு வேலைக்கு வரும் பெண்தான். காலையில் நான்கு வீடுகளை முடிக்க வேண்டிய அவருக்கு, துணி வடியும் வரை காத்திருக்க நேரம் கிடையாது. அவரைப் படிக்கட்டில் நிறுத்திக் கண்டிப்பது நியாயமும் அன்று, பயனும் அன்று. துணியைப் பிழிந்து குளியலறையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லி, வெளியே எடுத்துப் போடும் வேலையை வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர் என்பதால், பேச்சும் அவரோடுதான் நடக்க வேண்டும்.

மொட்டை மாடியும் கொடிக்கயிறும்

மொட்டை மாடியில் வரும் சண்டை இடத்தைப் பற்றியது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே இடம் என்ற வழக்கம், ஓய்வுபெற்றவர்களுக்கும் வீட்டிலிருப்பவர்களுக்கும் சாதகமாகவும், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே துவைக்க முடிகிற வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பாதகமாகவும் முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை என்று பிரிப்பது பல இடங்களில் முயன்று பார்க்கப்படும் முறை. என் அனுபவத்தில் அது நிலைப்பதில்லை. கைக்குழந்தையின் துணியும் பள்ளிச் சீருடையும் கிழமை பார்த்து அழுக்காவதில்லை. கயிற்றைப் பிரித்துக் கொடுப்பதே மேல்.

கணக்கைப் பாருங்கள். இருபதடி நீளமுள்ள எட்டுக் கயிறுகள் இருந்தால், பதினாறு வீடுகளுக்கும் ஆளுக்குப் பத்தடி கிடைக்கும். சட்டையை விரித்துக் கயிற்றில் போட்டால் இரண்டடி பிடிக்கும். ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டால் அரையடி போதும். ஆகவே பத்தடியில் ஹேங்கரில் இருபது உருப்படிகள் வரை உலர்த்தலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் அன்றாடத் துணிக்கு இது பெரும்பாலும் போதுமானது. போர்வை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்காக மேலும் இரண்டு கயிறுகளைப் பொதுவாக விட்டு, அவற்றுக்கு மட்டும் நாள் முறை வைத்துக்கொள்ளலாம். கயிறுகளுக்கு இடையே இரண்டடிக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஒரு வீட்டு ஈரத்துணி அடுத்த வீட்டுக் காய்ந்த துணியில் போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஒரு சண்டையாகும்.

கம்பம் நடுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மாடித் தளத்தில் துளை போட்டுக் கம்பம் நிறுத்தினால், தட்டோடோ நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சோ உடைந்து, அடுத்த மழையில் மேல்தளத்து வீட்டின் கூரையில் ஈரம் இறங்கும். மேல்தளத்துக்காரர்கள் மொட்டை மாடியில் யார் எது செய்தாலும் சிடுசிடுப்பதற்கு இது ஒரு காரணம். பகல் தூக்க நேரத்தில் தலைக்கு மேல் வாளியை இழுக்கும் சத்தம் இன்னொரு காரணம். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்திலோ, லிஃப்ட் அறைச் சுவரிலோ கொக்கிகளைப் பொருத்தலாம். அல்லது சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பாக்களில் கம்பத்தை நிறுத்திக் கட்டலாம். வாளிகளைத் தூக்கித்தான் கொண்டு போக வேண்டும், இழுக்கக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள்.

மழை வந்தால் பிறர் துணியைத் தொடலாமா என்பது கேட்பதற்கு வேடிக்கையான கேள்விதான். ஆனால் எடுத்து வைத்ததற்காகவும் சண்டை வந்திருக்கிறது, எடுக்காமல் விட்டதற்காகவும் சண்டை வந்திருக்கிறது. மழை வரும்போது மேலே இருப்பவர் யாராக இருந்தாலும் எல்லோருடைய துணியையும் எடுத்து, மாடிப்படித் திருப்பத்தில் உள்ள பொதுக் கூடையில் போட்டுவிடலாம் என்றும், தங்கள் துணியைப் பிறர் அப்படி எடுப்பதை விரும்பாதவர்கள் தங்கள் கயிற்றில் சிவப்புக் கிளிப் ஒன்றை மாட்டி வைக்கலாம் என்றும் நாங்கள் முடிவு செய்தோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஒரு ஏற்பாடு எங்களுக்குப் பெரிதும் உதவியது. அந்த மாதங்களில் துணி இரண்டு நாளானாலும் காயாமல் வாடை அடிக்கத் தொடங்கும் என்பதால், கயிற்றில் இடத்துக்கான நெருக்கடியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மார்கழிப் பனியில் இரவு முழுவதும் துணியை விட்டு வைப்பதில் பயனில்லை; மாலை ஆறு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற விதியை யாரும் எதிர்க்க மாட்டார்கள். போகியன்று காலையிலும் தீபாவளிக்கு முந்திய இரவிலும் துணி காயப்போடாமல் இருப்பதற்கு விதி தேவையில்லை. ஒருமுறை கரியும் பொத்தலும் விழுந்தால் போதும். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் கிளிப் இல்லாத துணி அடுத்த தெருவில்தான் கிடைக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பேச்சுவார்த்தைக்கே விடக் கூடாது. இரும்புக் கம்பியையோ கட்டுக்கம்பியையோ கொடியாகக் கட்டாதீர்கள். ஏற்கெனவே இருந்தால் அகற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். கம்பிக் கொடி, காப்பு உரிந்த மின்கம்பியில் பட்டு, ஈரத்துணியோடு அதைத் தொட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் மழைக்காலந்தோறும் வருகின்றன. வீட்டுக்கு வரும் மின்சார இணைப்புக் கம்பிக்கு அருகில் எந்தக் கொடியும் இருக்கக் கூடாது. பறந்துபோன துணி மின்கம்பியிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ சிக்கிக்கொண்டால், குச்சியால் எடுக்க முயலாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் தெரிவியுங்கள். அண்டை வீட்டார் கம்பிக் கொடி கட்டியிருந்தால், நட்பு கெடுமே என்று தயங்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கண்ணில் படுவதைப் பற்றிய புகார்

உள்ளாடைகள் கண்ணில் படுவதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருப்பதால், அந்தப் புகார் வேறு வேடங்களில் வரும். இதற்கு ஒரு நல்ல தீர்வு, கிளிப்புகள் தொங்கும் வட்டமான சிறு ஹேங்கர். அதை இரண்டு கயிறுகளுக்கு நடுவில் மாட்டி, வெளிக் கயிறுகளில் துண்டையும் வேட்டியையும் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது, காற்றும் வெயிலும் கிடைக்கும். பெண்கள் பலர் உள்ளாடைகளைக் கூச்சத்தால் வெயில் படாத மூலையில், பாவாடைக்கு அடியில் ஒளித்து உலர்த்துகிறார்கள். ஈரம் முழுவதும் போகாத உள்ளாடை தோலில் பூஞ்சைத் தொற்றுக்கு வழி வைக்கும் என்பதால், அவற்றுக்கு வெயில் பெறும் உரிமை மற்றத் துணிகளை விட அதிகம் என்றே நான் சொல்வேன். மொட்டை மாடியில் சங்கம் கேமரா வைத்திருந்தால், அது கதவைப் பார்த்தபடி இருக்கட்டும், கொடிகளைப் பார்த்து இருக்கக் கூடாது. யாராவது பெண்களின் துணியைப் படமெடுத்தாலோ, திருடினாலோ, அதை வைத்து ஆபாசமாகப் பேசினாலோ, அது அண்டை வீட்டுச் சச்சரவு என்ற எல்லையைத் தாண்டிவிடும். 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ நேரடியாக அணுகலாம்.

மடித்துணி, அதாவது பூசைக்கு ஆசாரமாக உடுத்தும் துணி, உலர்த்துகிறவர்கள், பிறர் தொட்டுவிடக் கூடாது என்று தங்கள் துணியை வீட்டுக்குள் உயரத்தில் கட்டிய கழியில் உலர்த்துவது பழைய வழக்கம். தம் வீட்டுக்குள் அதைச் செய்வது அவரவர் விருப்பம். ஆனால் பொதுக் கொடியில் இன்னொரு வீட்டாரின் துணி தம் துணிக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்ற ஆட்சேபத்துக்குச் சாதி காரணமாக இருந்தால், அதற்குக் கயிற்றை மாற்றிக் கொடுத்துச் சமரசம் செய்யக் கூடாது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. அதைச் செயல்படுத்தும் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அத்தகைய கோரிக்கையைச் சங்கம் குறிப்பேட்டில் எழுதி மறுப்பதுதான் சரி.

சங்கமும் வாடகை ஒப்பந்தமும்

உரிமையைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் மொட்டை மாடிச் சாவியைச் சுற்றி எழுகிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016, பொதுப் பகுதிகள் எவை என்று வரையறுக்கும்போது மொட்டை மாடியையும் அவற்றுள் சேர்த்திருக்கிறது. உங்கள் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். பொதுப் பகுதி என்றால், மேல்தளத்துக்காரர் அதைப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. அதேபோல, கீழ்த்தளத்துக்காரர் தம் விருப்பத்துக்குக் கம்பம் நடவும் முடியாது.

பால்கனியில் துணியே தொங்கக் கூடாது என்று கட்டடத்தின் தோற்றத்தைக் காரணம் காட்டித் தடை விதிக்கும் சங்கங்கள் இப்போது அதிகமாகிவிட்டன. நீர் சொட்டுவதைத் தடுக்கும் விதிக்கு உள்ள நியாயம் இதற்கு இல்லை என்பது என் கருத்து. அப்படியே விதிப்பதானாலும், வெயிலும் காற்றும் படும் வேறு இடத்தை ஒதுக்கிக் கொடுத்த பிறகே விதிக்க வேண்டும். விதியைப் பொதுக்குழுவில் வைத்து நிறைவேற்றி, எழுத்தில் எல்லோருக்கும் கொடுங்கள். அது இப்படி இருக்கலாம்: "சொட்டும் நிலையிலுள்ள துணியைப் பால்கனியின் வெளிப்பக்கம் தொங்கவிடலாகாது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே எந்தத் துணியும் இறங்கலாகாது. மொட்டை மாடியில் அவரவர்க்கு ஒதுக்கிய கயிற்றைக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்தலாம். இவ்விதி உரிமையாளர்க்கும் வாடகைதாரர்க்கும் ஒன்றுபோலவே பொருந்தும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் மொட்டை மாடிச் சாவி கிடையாது என்ற எழுதப்படாத விதி பல குடியிருப்புகளில் இருக்கிறது.

வாடகைக்குப் போகிறவர்கள் துணி உலர்த்தும் இடத்தைக் குடிபுகும் முன்பே கேட்டு, அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2017, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எழுதத்தான் போகிறோம் என்னும்போது, தண்ணீரும் மின்சாரமும் போலக் கொடிக்கும் ஒரு வரி எழுதிவிடலாம்.

பேச்சு பலிக்காவிட்டால்

தனி வீடுகளில் வரும் சண்டைக்கு வேறு முகம் உண்டு. பக்கத்து மனையில் மாடி எழும்பி, ஆண்டாண்டுக் காலமாகத் துணி உலர்த்திய கொல்லையில் வெயில் விழாமல் போய்விட்டால், இருபது ஆண்டுகள் அனுபவித்த உரிமை என்று வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் இருபது ஆண்டுத் தொடர் அனுபவத்தால் உரிமையாக்கிக்கொள்ள 15ஆவது பிரிவில் இடம் தருகிறது. ஆனால் திறந்தவெளி நிலத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் அவ்வாறு உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று 17ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கொல்லை வெயிலுக்காக இந்த வழியில் வழக்குப் போடுவதை விட, கொடியை மாடிக்கு மாற்றுவது நல்லது. பக்கத்து வீட்டார் விதிப்படி விட வேண்டிய பக்க இடைவெளியை விடாமல் கட்டினால், அது உள்ளாட்சி அமைப்பிடம் கொண்டு போக வேண்டிய வேறு புகார்.

காவல் நிலையத்துக்குப் போனால், மிரட்டலோ அடிதடியோ நடந்திராத வரை, மனுவைப் பெற்று, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசி அனுப்புவதே வழக்கம். அதை விடப் பயனுள்ள இடம், நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்த ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றம், வழக்குத் தொடுப்பதற்கு முந்திய நிலையிலேயே சச்சரவை எடுத்துக்கொள்ளும். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கிடைக்கும் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு உண்டு, அதன்மேல் முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம். போகும்போது, முதலில் சொன்ன ஒரு வாரக் குறிப்பு, நனைந்த சுவரின் படங்கள், சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடுத்தவர் துணி மட்டும் தெரியும் படங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தடையாணை கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதை, வீடு தொடர்ந்து சேதமாகிற நிலைக்கு, அதாவது சுவரில் ஈரம் இறங்கிப் பூச்சு உதிர்கிற அளவுக்குப் போன பிறகு மட்டும் எண்ணிப் பாருங்கள். வழக்கு நடக்கும் காலத்திலும் இரு வீட்டிலும் தினமும் துணி காய்ந்தாக வேண்டும். ஆகவே எந்த நேரத்தில் யார் எங்கே உலர்த்துவது என்ற இடைக்கால ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில், அந்தத் தாளின்படியே எட்டு மாதங்கள் ஓடிய பிறகு, இரு தரப்பும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதே தாளைத் தொடர்ந்து பின்பற்றினார்கள்.